போகியில எரிஞ்ச குளங்க

சில பேர் ஸ்டாம்பு சேப்பாங்க, சில பேர் பழைய காசு சேப்பாங்க. என் பொண்டாட்டி குளம் சேக்கறா.

ஒரு காலேஜ்ல மைக்ரோபயாலஜி நடத்தறவ அவ. வேலை பாத்துக்கிட்டே பி.எச்.டி. பண்றா. ஆவடியைச் சுத்தி இருக்கற குளம், குட்டை, ஏரியில எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க என்னென்ன இருக்கு, வெயில் காலத்துல யாரு குடித்தனம், மழைக்கு அப்புறம் யாரு குடித்தனம்னு பாக்கறதுதான் அவ ஆராய்ச்சி. நெமிலிச்சேரி ஸ்டேஷன் தாண்டி தண்டவாளத்தை ஒட்டி ஒரு குட்டை, எங்க வெள்ளானூர் பக்கத்து ஏரி, திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னாடி வயலுக்கு நடுவுல ஒரு குளம்னு அவ சேத்து வெச்சது நிறைய. பைக் ஓட்டறது நான். கரையில நின்னு "பாத்து, வழுக்கும்"னு சொல்றதும் நான். தண்ணியில இறங்கறது மட்டும் அவ.

எடுத்த தண்ணியை லேபுக்கு அனுப்பினா, அதுல இருக்கற டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தா படிச்சு ஃபைலா திருப்பி அனுப்புவாங்க. ஒரு குளத்துக்கு ரெண்டு ஃபைல். ஒண்ணு இந்த முனையிலேருந்து படிச்சது, இன்னொண்ணு அந்த முனையிலேருந்து படிச்சது. நிக்கற ரயிலை ஒருத்தன் இன்ஜின்லேருந்தும் இன்னொருத்தன் கடைசிப் பொட்டியிலேருந்தும் எண்ணிக்கிட்டு வந்து நடுவுல சந்திக்கற மாதிரி. ரெண்டும் சேந்தாத்தான் அர்த்தம். நெமிலிச்சேரியோட ஒரு முனையைத் திருமழிசையோட இன்னொரு முனைக்குக் கட்டி வெச்சா, உலகத்துல இல்லாத ஒரு குளம் பொறந்துடும்.

இந்த ஜோடி சேக்கற வேலைதான் என்னோடது. நான் ஐ.டி.யில டெஸ்டிங்ல இருந்தவன். அடுத்தவங்க பண்ணின தப்பைக் கண்டுபிடிக்கறதுக்கு சம்பளம் வாங்கினவன். ஒரு நாள் கம்பெனி என்னையே தப்புன்னு கண்டுபிடிச்சுடுச்சு. அப்பலேருந்து எங்க ஃபிளாட்டோட ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு நான்தான் ஹெட், நான்தான் பியூன்.

நாங்க பயன்படுத்தறது ஒரு இலவச சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ். ஊர் உலகத்துல இருக்கற யுனிவர்சிட்டிக்காரங்க சேந்து நடத்தறாங்க. ப்ரவுசர்ல திறந்தா போதும், கணக்கெல்லாம் எங்கயோ கடல் தாண்டி இருக்கற பெரிய மெஷின்ல ஓடும். திரையில வலது பக்கம் ஒரு வரிசை, அதுக்கு 'ஹிஸ்டரி'ன்னு பேரு. நாம கொடுக்கற ஒவ்வொரு வேலையும் அதுல ஒரு கட்டமா வந்து உக்காரும். காத்திருந்தா சாம்பல் கலர். ஓடிக்கிட்டிருந்தா மஞ்சள். முடிஞ்சா பச்சை. ஊத்திக்கிச்சுன்னா சிவப்பு.

மொதல்ல ஒவ்வொரு ஃபைலா கொடுத்துக்கிட்டிருந்தேன். வரிசை நீண்டுக்கிட்டே போய் ரேஷன் கடை கியூ மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் கலெக்ஷன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. எல்லா குளத்தையும் ஜோடி ஜோடியா ஒரே பையில போட்டுடலாம். பையை ஒரு டூல்கிட்ட கொடுத்தா, அதுவே உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு குளமா எடுத்து, அலசி, அதே பேரோட இன்னொரு பையில போட்டுத் திருப்பித் தரும். வரிசையில கட்டம் என்னவோ ஒண்ணுதான். உள்ளே இருக்கற ஃபைலுங்க எல்லாம் கண்ணுல படாம பின்னாடி போயிடும். 'ஹிட்டன்'னு ஒரு இடத்துல ஒதுங்கி நிக்கும்.

எனக்கு அந்தப் பையை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மத்தியானம் சாப்ட்டுட்டு, ஃபேனுக்குக் கீழ லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, கட்டம் மஞ்சளாகறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். தூரத்துல அரக்கோணம் போற ரயில் ஒரு மூச்சு விட்டுட்டுப் போகும். கண்ணு சொக்கும். அந்த அரைத் தூக்கத்துல எல்லா குளத்துத் தண்ணியும் ஒரு வயருக்குள்ள இறங்கி, கடலுக்கு அடியிலயே போயி, நான் பாக்காத ஏதோ ஒரு ஊர்ல, குளிர்ல, வெளிச்சமே இல்லாத ரூம்ல, நம்ம ஊர் பாசி வாசனையோட கொட்டற மாதிரி இருக்கும். அங்க ஒருத்தன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மூக்கைப் பொத்திக்கறான். முழிச்சுப் பாத்தா கட்டம் பச்சையாயிருக்கும். "வேலை செஞ்சீங்களா?"னு அவ கேப்பா. "நாள் பூரா"ன்னு சொல்வேன். பொய்யில்ல. மெஷின் செஞ்சுதே.

இப்படிப் போயிக்கிட்டிருந்த கதையிலதான் போகி வந்துது.

பொங்கல் லீவு முடிஞ்ச உடனே அவளுக்கு யுனிவர்சிட்டி கமிட்டி முன்னாடி ஒரு பிரசன்டேஷன். அதுல சரின்னு சொன்னாத்தான் தீசிஸ் எழுதலாம். ஏற்கெனவே ஒரு தடவை கால அவகாசம் நீட்டிச்சாச்சு, இனிமே நீட்ட மாட்டாங்க. இந்தத் தடவை போகலைன்னா ரிஜிஸ்ட்ரேஷன் அப்படியே காலாவதி. பால் பாக்கெட் மாதிரி. இத்தனை வருஷமா சேத்த குளம் எல்லாம் வெறும் தண்ணி.

போகி அன்னிக்குக் காலையில எங்க தெரு முழுக்க புகை. பனியும் புகையும் சேந்து எதிர் ஃபிளாட் கரைஞ்சு போயிருந்துச்சு. பழைய பாய், தலகாணி, டயர் எரியற நாத்தம். புகைக்குள்ளேருந்து ஒரு மாடு வந்துது, என்னைப் பாத்துது, மறுபடி புகைக்குள்ளயே போயிடுச்சு. நான் பால்கனியில டீயோட நின்னு, இதெல்லாம் கனவா நனவான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். யோசிக்கறது என் உடம்புக்கு ஒத்துக்கும். பரண் சுத்தம் பண்றதுதான் ஒத்துக்காது.

அவ கன்னியாகுமரி ஜில்லாக்காரி. இந்த ஊருக்கு வந்து போகியைக் கத்துக்கிட்டவ. கத்துக்கிட்டவங்க எப்பவுமே கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. விடிஞ்சதுலேருந்து பரண் காலி, கட்டில் அடி காலி, என் பழைய பேன்ட்டெல்லாம் காலி. கையில இன்னும் வேகம் மிச்சம் இருந்துச்சு. அப்ப பாத்து லேப்டாப்புல ஒரு மெயில். உங்க இடம் நிரம்பப் போவுது, தேவையில்லாததை நீக்குங்கன்னு அந்த சாஃப்ட்வேர்லேருந்து வந்திருக்கு.

"ஏங்க, இதுல மீட்டர் செவப்பா இருக்கே?"ன்னு உள்ளேருந்து கேட்டா.

"தேவையில்லாதது ஏதாவது இருந்தா தூக்கிடேன்"னு பால்கனியிலேருந்து சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல நைட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. முகத்துல அப்படி ஒரு திருப்தி. "வெளியில பாத்தா பத்துப் பதினஞ்சு கட்டம்தான் தெரியுது. ஹிட்டன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பாத்தா மூட்டை மூட்டையா ஃபைல்! உங்க பரண் மாதிரியேதான் இதையும் வெச்சிருக்கீங்க. எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா அழிச்சுட்டேன். நிரந்தரமாவான்னு கேட்டுது, ஆமான்னுட்டேன். மீட்டர் இப்ப பச்சை."

"சூப்பர்"னு சொன்னேன் நான். கண்ணு அந்த மாடு போன பக்கமே இருந்துச்சு.

மறுநாள் பொங்கல் பொங்கி முடிச்சு, வயித்தைத் தடவிக்கிட்டே லேப்டாப் முன்னாடி உக்காந்தோம். கைடு பிரசன்டேஷன்ல ஒரு படத்தை மாத்தச் சொல்லியிருந்தாரு. அதுக்கு ஒரு டூலைத் திருப்பி ஓட்டணும், அவ்வளவுதான். பையைக் கொடுத்தேன். உடனே சிவப்பு. மறுபடி கொடுத்தேன். மறுபடி சிவப்பு. பையைத் திறந்து பாத்தேன்.

குளத்துப் பேரெல்லாம் வரிசையா இருந்துச்சு. நெமிலிச்சேரி இருந்துச்சு, வெள்ளானூர் இருந்துச்சு, திருமழிசை இருந்துச்சு. பேரைத் தொட்டா உள்ளே ஒண்ணுமில்ல. எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு குட்டிக் குப்பைத்தொட்டி படம். அடுத்த பையைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். நாங்க ஓட்டின ஒவ்வொரு கணக்கும், ஒவ்வொரு விடையும் இப்படித்தான். வெளியில பச்சைப் பசேல்னு கட்டம், உள்ளே பேர் எழுதின காலி டப்பா.

அவ எம்மேல சாஞ்சு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தா. "என்னாச்சு?"

காலி டப்பாவைக் காட்டினேன். "நேத்து நீ மூட்டைன்னு சொன்னியே..."

"ஆமா?"

"அதான் பைக்குள்ள இருந்தது."

அவ எழுந்து போயி, சமையல் கட்டுல ஏற்கெனவே கழுவி வெச்சிருந்த பானையை மறுபடி கழுவினா. பைப் தண்ணி ஓடற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது. அப்புறம் அங்கேருந்தே குரல் மட்டும் வந்துது. "சூப்பர்னு சொன்னீங்களே."

"மாட்டைச் சொன்னேன்."

சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல.

லேபுக்கு ஃபோன் போட்டேன். அங்க வேலை பாக்கறவரு சொந்த ஊர்ல, ஏதோ கோயில் மைக் சத்தத்துக்கு நடுவுல இருந்தாரு. அவங்க அனுப்பின லிங்க் எப்பவோ செத்துப் போச்சாம். பழைய ஃபைல் சர்வர்ல இன்னும் இருக்கான்னு லீவு முடிஞ்சு போய்த்தான் பாக்கணுமாம். எங்க லேப்டாப்புல இடம் பத்தாதுன்னு லிங்க்கிலேருந்து நேரா சாஃப்ட்வேருக்கே ஏத்தினவன் நான். அன்னிக்கு அது பெரிய புத்திசாலித்தனமா தெரிஞ்சுது.

கடைசியில அந்த சாஃப்ட்வேர்க்காரங்களோட ஹெல்ப் ஃபோரத்துல எழுதினேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பாதி மன்னிப்பு, மீதி கெஞ்சல். சாயந்திரமே பதில் வந்துது. யாரு எவருன்னே தெரியாத ஒரு ஆள். நிரந்தரமா அழிச்சதை எடுக்க முடியாதுன்னு மொத வரியிலயே சொல்லிட்டாரு. ரெண்டாவது வரியில ஒரு கேள்வி. உங்க ஹிஸ்டரியை வேற யாராவது எப்பவாவது தங்களோட அக்கவுன்ட்ல காப்பி எடுத்திருக்காங்களா? எடுத்திருந்தா, நிஜமான ஃபைல் டிஸ்க்ல ஒண்ணுதான் இருக்கும், ரெண்டு பேரும் அதையேதான் பிடிச்சுக்கிட்டிருப்பீங்க. ஒருத்தர் கையை விட்டாலும் இன்னொருத்தர் விடற வரைக்கும் அது போகாது.

நான் அதைத் தமிழ்ல சத்தமாப் படிச்சேன். பைப் சத்தம் நின்னுடுச்சு.

"பூந்தமல்லிக்காரி!"ன்னா அவ.

பூந்தமல்லிக்காரின்னா, அவகூட அதே கைடுகிட்ட பி.எச்.டி. பண்ற பொண்ணு. அவளுக்குக் கலெக்ஷன் எப்படிப் பண்றதுன்னு காட்டறதுக்காக எங்க ஹிஸ்டரியைப் போன வருஷம் ஷேர் பண்ணியிருந்தோம். காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு விளையாடிப் பாருன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. உடனே ஃபோன் போட்டா. ஸ்பீக்கர்ல அந்தப் பொண்ணு குரல் இழுத்துது.

"அக்கா... கிறிஸ்துமஸுக்கு வீடு சுத்தம் பண்ணோம்ல, அப்ப எனக்கும் அந்த செவப்பு மீட்டர் மெயில் வந்துதுக்கா. நானும் கொஞ்சம் அழிச்சேன். எதை அழிச்சேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. பாஸ்வேர்டு வீட்டு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இப்ப நாங்க எங்க அம்மா வீட்டுல. நாளைக்குக் காலையில வந்துடுவோம், நேரா வீட்டுக்கே வந்துடுங்கக்கா."

மறுநாள் மாட்டுப் பொங்கல். பருத்திப்பட்டு வழியா பூந்தமல்லிக்கு பைக்ல போனோம். ரோடு காலியா, கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. கொம்புல நீலமும் மஞ்சளும் பூசின மாடுங்க பலூன் கட்டிக்கிட்டு நடுரோட்டுல நின்னுச்சுங்க. ஏரி பக்கம் வந்ததும் அவ முதுகைத் தட்டினா. நிறுத்தினேன். தண்ணி மேல வெயில் அசையாம படுத்திருந்துச்சு. ஒரு கொக்கு அதோட நிழல் மேலயே நின்னுக்கிட்டிருந்துச்சு.

"இதுவும் அதுல இருந்துச்சுல்ல"ன்னா.

"இருந்துச்சு."

"இங்க இருக்கு. அங்க இல்ல."

வண்டியை எடுத்தேன்.

அவங்க வீடு கோயில் தெருவுக்குப் பின்னாடி ஒரு சின்னக் காலனியில. கோயில்னா சர்ச். வாசல்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் கதவைத் திறந்தாரு. திருமழிசை எஸ்டேட்ல ஷிப்ட் வேலை பாக்கறவரு, பூந்தமல்லியிலயே பொறந்து வளர்ந்தவரு. விஷயம் முழுக்க அவருக்குப் போயிருந்துச்சு போல.

"வா அண்ணாத்தே! அல்லாரும் போகிக்கு பாயைத்தான் கொளுத்துவாங்க. நீ இன்னாடான்னா ஊட்டம்மா பி.எச்.டி.யையே கொளுத்திக்கினு வந்து நிக்கிற?"

நான் அம்பத்தூர்க்காரன். அந்த பாஷை கேட்டா எனக்கும் நாக்கு தானா அவுந்துடும். "நைனா, நான் கொளுத்தல. புகையை வேடிக்கை பாத்துகினு இருந்தேன். அதான் என் பங்கு."

"அது இன்னும் மோசம்"னு என் பொண்டாட்டி செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னா. ரெண்டு நாளைக்கு அப்புறம் அவ வாயிலேருந்து வந்த மொத கிண்டல். எனக்கு அங்கயே அரை உசுரு வந்துது.

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திறந்தா. நாங்க நாலு பேரும் ஒரே திரைக்கு முன்னாடி, கோழி முட்டையை அடை காக்கற மாதிரி. ஹிஸ்டரி பட்டியல்ல எங்களோடது இல்ல. மேலயும் கீழயும் ரெண்டு தடவை தேடினா. இல்ல. என் பொண்டாட்டி என் சட்டைக் கையைப் பிடிச்சா, நகம் உள்ளே இறங்கிச்சு.

"அழிச்சதுல போய்ப் பாரும்மா"ன்னேன்.

அழிச்சது தனியா ஒரு பட்டியல். அதுல இருந்துச்சு. பக்கத்துல 'திரும்ப எடு'ன்னு ஒரு பட்டன்.

"எனக்கு நிரந்தரமாவான்னு கேட்டா பயமா இருக்கும்க்கா. நான் எப்பவும் வேணாம்னுதான் அமுக்குவேன்"னா அந்தப் பொண்ணு, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி.

"உன் பயத்துக்குக் கோயில் கட்டலாம்"னு சொன்னேன். அவ வீட்டுக்காரர் சிரிச்சாரு. "பயம் எல்லாம் கம்ப்யூட்டராண்டதான் நைனா. ஊட்ல பாக்கணும் நீ!"

பட்டனை அமுக்கினா. பை வந்துது. திறந்தோம். நெமிலிச்சேரி. தொட்டா உள்ளே எழுத்து கொட்டுது, மழை மாதிரி. வெள்ளானூர், மழை. பருத்திப்பட்டு, மழை. என் பொண்டாட்டி ஒவ்வொரு பேரையும் விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா, பஸ்ல ஏத்தின பசங்க எல்லாம் இருக்காங்களான்னு டீச்சர் தலையைத் தொட்டுப் பாக்கற மாதிரி. அவ டீச்சர்தான், மறந்துட்டேன். அந்த வீட்டுக்காரர் கேக் வெட்டிக் கொடுத்தாரு. கிறிஸ்துமஸ் கேக். கொஞ்சம் காஞ்சிருந்துச்சு. அந்த மாதிரி கேக் நான் அதுக்கு முன்ன தின்னதில்ல.

அந்தக் காப்பியில இருந்தது லேப் கொடுத்த மூல ஃபைலுங்க மட்டும்தான். நாங்க அப்புறம் ஓட்டின கணக்கு, விடை எதுவும் இல்ல. எல்லாத்தையும் திருப்பி ஓட்டணும். நல்லவேளை, செஞ்ச வேலையோட வரிசையை ஒரு வொர்க்ஃப்ளோவா சேத்து வெச்சிருந்தோம். அதை அழிக்க போகிக்காரிக்குத் தோணல. வீட்டுக்கு வந்து எங்க அக்கவுன்ட்டுக்குப் பையை மாத்தி, ஒரே ஒரு தடவை அமுக்கினேன். வரிசை முழுக்க சாம்பல் கட்டமா வந்து உக்காந்துது.

காணும் பொங்கல் அன்னிக்கு ஊரே பீச்சுக்குப் போச்சு. நாங்க கட்டத்தைக் கண்டோம். சாம்பல், மஞ்சள், பச்சை. அவ பக்கத்துல கரும்பு கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ரயில் போச்சு. வெயில் தரையில நகந்து நகந்து அவ கால் விரல் வரைக்கும் வந்துது. ரெண்டு பேருமே தூங்கிட்டோம்னு நெனக்கறேன். ஏன்னா அந்த மெஷின் ரூம்ல ஸ்வெட்டர் போட்டவன் எங்களுக்குச் சக்கரைப் பொங்கல் கொடுத்தான்.

முழிச்சப்ப நடுவுல ஒரு சிவப்பு. பைக்குள்ள ஒரே ஒரு குளம். திருமழிசையோட வெயில் காலத் தண்ணி. ஜோடியில ஒரு ஃபைல் பாதியில அறுந்து போயிருந்துச்சு. மாத்தும்போதா, அதுக்கு முன்னாடியேவான்னு தெரியல. அந்த ஒரு குளத்துக்காக பின்னாடி இருந்த எல்லா கட்டமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க.

"ஊத்திக்கிட்டதை மட்டும் விட்டுட்டு மீதியை அனுப்பற டூல் ஒண்ணு இருக்கு. அனுப்பட்டா?"ன்னேன்.

திரையில அந்தச் சிவப்பை விரலால தொட்டா. "அந்தக் குளத்துலதான் நான் முட்டி வரைக்கும் சேத்துல மாட்டினேன். நீங்க கரையில நின்னு ஃபோட்டோ எடுத்தீங்க."

"வீடியோ."

"அனுப்புங்க"ன்னா.

பிரசன்டேஷன் அன்னிக்கு யுனிவர்சிட்டி மரத்தடியில நான் உக்காந்திருந்தேன். எறும்புங்க வரிசையா ஜோடி ஜோடியா போயிக்கிட்டிருந்துச்சுங்க. உள்ளே அவ என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. வெளியில வந்தப்ப முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. பக்கத்துல வந்து உக்காந்து, என் பாட்டில்லேருந்து தண்ணி குடிச்சா.

"எழுதலாம்னு சொல்லிட்டாங்க."

நான் கையைத் தூக்கறதுக்குள்ள, "இருங்க. ஒரு குளம் ஏன் இல்லன்னு கேட்டாங்க. ஃபைல் கெட்டுப் போச்சு, லேப் சர்வர்லயும் அது இல்ல, அதனால விட்டுட்டேன்னு உள்ளதைச் சொன்னேன். வெயில் வந்ததும் மறுபடி தண்ணி எடுத்து, தீசிஸ்ல சேத்துடணும்னு சொன்னாங்க"ன்னா.

திரும்பி வரும்போது நேரா வீட்டுக்குப் போகாம திருமழிசை பக்கம் திருப்பச் சொன்னா. எஸ்டேட் சுவர் தாண்டி, வரப்பு மேல பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. குளம் இருந்துச்சு. மழைத் தண்ணி இன்னும் வத்தல. ஃபேக்டரி புகைபோக்கி தலைகீழா உள்ளே நின்னுக்கிட்டிருந்துச்சு. அவ அதைப் பாத்துக்கிட்டே நின்னா. நான் பாட்டில்ல இருந்த மிச்சத் தண்ணியைக் கொட்டிட்டு நீட்டினேன்.

"வந்ததுதான் வந்தோம், இதுல ஒரு பாட்டில் பிடிச்சுக்கோயேன்."

"இது மழைத் தண்ணிங்க. எனக்கு வெயில் தண்ணி வேணும்."

"ரெண்டு மாசம் வெயில்ல வெச்சுடலாம்."

"அதுவும் நீங்க வாய் வெச்ச பாட்டில்"னா அவ. "ரிசல்ட்ல குளம் பூரா நீங்கதான் இருப்பீங்க."

சொல்லிட்டு, சிரிச்சு, அந்தச் சிரிப்பு நிக்காம கரையிலயே உக்காந்துட்டா, பட்டுப்புடவையோட, சேறுன்னு கூடப் பாக்காம.